திரும்பி வராத குண்டுவீச்சு விமானங்களும் அவற்றில் சென்றவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் புறப்பட்டு, ஜெர்மனி மீதும் அதன் பிடியில் இருந்த நாடுகள் மீதும் பகல் வெளிச்சத்தில் குண்டு வீசிய அமெரிக்கக் கனரக விமானங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவருக்கு முதலில் கிடைப்பவை எண்களே. ஒரு நாளில் அறுபது விமானங்கள், இன்னொரு நாளில் அறுபத்தொன்பது என்று அந்தக் கணக்கு நீளும். ஒவ்வொரு விமானத்துக்குள்ளும் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பவர்களுக்கான விடைகளே இங்கே தரப்பட்டுள்ளன.

எந்தப் படை, எந்த விமானங்கள்?

பெரும்பகுதி இழப்பு எட்டாவது விமானப்படையைச் சேர்ந்தது. 1942 ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் தொடங்கப்பட்ட இந்தப் படை, பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று நார்ஃபோக், சஃபோக் உள்ளிட்ட கிழக்குப் பகுதிகளின் விவசாய நிலங்களில் அமைக்கப்பட்ட விமானத் தளங்களிலிருந்து இயங்கியது. 1943 நவம்பரில் உருவான பதினைந்தாவது விமானப்படை, இத்தாலியின் ஃபோஜியா சுற்றுவட்டாரத்திலிருந்து ஆஸ்திரியா, ருமேனியா, தென் ஜெர்மனி ஆகியவற்றைத் தாக்கியது. இரண்டு படைகளுமே நான்கு எஞ்சின் கொண்ட பி-17, பி-24 விமானங்களைப் பயன்படுத்தின. முன்னதற்குப் 'பறக்கும் கோட்டை' என்றும் பின்னதற்கு 'லிபரேட்டர்' என்றும் பெயர்.

ஒரு விமானத்தில் எத்தனை பேர் சென்றார்கள்?

வழக்கமாகப் பத்துப் பேர். விமானி, துணை விமானி, வழிகாட்டி, குண்டு வீசுநர் ஆகிய நால்வரும் அதிகாரிகள். எஞ்சின்களைக் கவனித்தபடியே மேற்கூண்டுத் துப்பாக்கியையும் இயக்கிய பொறியாளர், ரேடியோ இயக்குநர், வயிற்றுப்புறத்து உருண்டைக் கூண்டில் முடங்கிக் கிடந்தவர், இடைப்பகுதியில் இருவர், வால் பகுதியில் ஒருவர் என மற்ற ஆறு பேரும் சார்ஜென்ட் நிலையில் இருந்தார்கள். ஜெர்மானியப் போர் விமானங்களின் தாக்குதல் தளர்ந்த பிறகு, இடைப்பகுதிக்கு ஒருவர் போதும் என்று பல படைப்பிரிவுகள் ஒன்பது பேரோடு பறந்தன. அணிவகுப்புக்குத் தலைமை தாங்கிய விமானத்தில் கூடுதலாக ஓரிருவர் இருப்பதும் உண்டு. ஆகவே விமான எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கினால் கிடைப்பது ஒரு தோராயமே.

'இழப்பு' என்று எழுதியிருந்தால் அனைவரும் இறந்துவிட்டார்கள் என்று பொருளா?

இல்லை. இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் இதுதான். அன்று மாலை தளத்துக்குத் திரும்பாத விமானம் 'காணவில்லை' என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டது. அது கடலில் விழுந்து ஒருவர்கூடப் பிழைக்காமல் போயிருக்கலாம். பத்துப் பேரும் பாராசூட்டில் குதித்துக் கைதாகியிருக்கலாம். சுவிட்சர்லாந்தில் பத்திரமாகத் தரையிறங்கியிருக்கலாம். மாலையில் கணக்கெடுத்த எழுத்தருக்கு இந்த மூன்றும் ஒன்றே.

இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. ஓட்டை ஓட்டையாகத் துளைக்கப்பட்டு, இறந்த ஒருவரையும் காயமடைந்த மூவரையும் சுமந்தபடி எப்படியோ தளத்தை எட்டிய விமானம் 'காணவில்லை' பட்டியலில் வராது. பழுதுபார்க்க முடியாது என்று பின்னர் உதிரிப் பாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டாலும், அது வேறு வகை இழப்பாகவே பதிவானது. 1943 அக்டோபர் 14 அன்று 60 விமானங்கள் திரும்பவில்லை என்று எல்லா நூல்களும் சொல்லும்; அன்று திரும்பி வந்தவற்றில் 17 விமானங்கள் இனி பறக்கத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டதைச் சில நூல்களே சொல்லும். இரண்டு நூல்களின் எண்கள் பொருந்தவில்லை என்றால், ஒன்று தவறு என்று முடிவு செய்வதற்கு முன், அவை எதை எண்ணுகின்றன என்று பார்ப்பது நல்லது.

மொத்தத்தில் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள்?

எட்டாவது விமானப்படையில் மட்டும் 26,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ 28,000 பேர் போர்க்கைதிகளானார்கள். அதாவது சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களில் இருந்தவர்களுள் சுமார் பாதிப் பேர் உயிரோடு தரையைத் தொட்டார்கள்.

இரவில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் கணக்கை அருகில் வைத்தால் இந்தப் 'பாதி' எவ்வளவு பெரியது என்று தெரியும். அங்கே இறந்தவர்கள் 55,573 பேர். கைதிகளானவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. பகல் வெளிச்சத்தில் என்ன நடக்கிறது என்பதைக் குழுவினரால் பார்க்க முடிந்தது. பி-17 விமானத்தில் வெளியேறும் வழிகளும் அதிகம். இருட்டில், லங்காஸ்டர் விமானத்தின் குறுகலான முன்பகுதித் திறப்பைத் தேடித் தடவியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இங்கிலாந்திலிருந்து பறந்து அழிந்த அமெரிக்க விமானங்களுக்காக டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தின் வாசலில் ஒரு கண்ணாடி நினைவுச்சின்னம் நிற்கிறது. அதில் 7,031 விமானங்களின் சிறு உருவங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குண்டுவீச்சு விமானங்களோடு போர் விமானங்களும் அந்த எண்ணிக்கையில் அடக்கம்.

மிக மோசமான நாட்கள் எவை?

தொடக்கம் ஏமாற்றும்படி எளிதாக இருந்தது. 1942 ஆகஸ்ட் 17 அன்று பன்னிரண்டு பி-17 விமானங்கள் பிரான்சின் ரூவன் நகர ரயில் முற்றத்தைத் தாக்கிவிட்டு ஒன்றுகூடக் குறையாமல் திரும்பின. சரியாக ஓராண்டு கழித்து, 1943 ஆகஸ்ட் 17 அன்று, ரெகன்ஸ்புர்க் விமானத் தொழிற்சாலையையும் ஷ்வைன்ஃபுர்ட் பால்பேரிங் ஆலைகளையும் நோக்கி 376 விமானங்கள் சென்றன, 60 திரும்பவில்லை. அக்டோபர் 14 அன்று அதே ஷ்வைன்ஃபுர்ட்டுக்கு 291 விமானங்கள் மறுபடி அனுப்பப்பட்டன. மறுபடி 60 போயின. ஐந்தில் ஒரு பங்கு. அந்த நாளுக்குக் 'கறுப்பு வியாழன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அதற்கு நான்கு நாட்கள் முன்பு, மியூன்ஸ்டர் நகரைத் தாக்கச் சென்ற நூறாவது படைப்பிரிவின் 13 விமானங்களில் ஒன்று மட்டுமே தோர்ப் அபட்ஸ் தளத்துக்குத் திரும்பியது. மொத்த எண்ணிக்கையில் 1944 மார்ச் 6 அன்று நடந்த பெர்லின் தாக்குதலே முதலிடம் பெறும்: 69 கனரக விமானங்கள். ஆனால் அன்று எழுநூறுக்கு மேற்பட்டவை அனுப்பப்பட்டிருந்தன. சதவீதத்தில் அது ஷ்வைன்ஃபுர்ட்டின் பாதிகூட இல்லை. இப்படிப்பட்ட பட்டியல்களைப் படிக்கும்போது எத்தனை போயின என்பதோடு எத்தனை சென்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தெற்குப் போர்முனையில், 1943 ஆகஸ்ட் 1 அன்று லிபியாவின் பெங்காசிப் பகுதியிலிருந்து ருமேனியாவின் ப்ளோயெஷ்டி எண்ணெய் ஆலைகளை மரங்களின் உயரத்தில் பறந்து தாக்கிய 177 லிபரேட்டர் விமானங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை அழிந்தன. முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

25 பயணங்களை முடிப்பது எவ்வளவு சாத்தியம்?

தொடக்கத்தில் 25 தாக்குதல் பயணங்களை முடித்தவருக்குத் தாய்நாடு திரும்ப அனுமதி உண்டு. 1944-இல் அது 30 ஆகவும் பின்னர் 35 ஆகவும் உயர்ந்தது. ஒவ்வொரு பயணத்திலும் நூற்றுக்கு நான்கு விமானங்கள் போகின்றன என்றால், 25 பயணங்களில் நூறும் போய்விடும் என்று சிலர் கணக்கிடுகிறார்கள். அது பிழை. ஒவ்வொரு முறையும் மீதமிருப்பவர்களில்தான் நான்கு சதவீதம் குறைகிறது. அப்படிப் பார்த்தால் 25-ஆவது பயணத்தின் முடிவில் நூறு குழுக்களில் 36 மிஞ்சும். இழப்பு ஐந்து சதவீதமானால் 28. ஒரு சதவீதமாகக் குறைந்தால், 35 பயணங்களுக்குப் பிறகும் 70. எண்ணிக்கையை உயர்த்தியதை வீரர்கள் கசப்போடு ஏற்றார்கள் என்றாலும், 1943-இன் 25 பயணங்களைவிட 1945-இன் 35 பயணங்கள் ஆபத்துக் குறைந்தவையே.

இந்தக் கணக்கிலும் 'போவது' என்பது கைதாவதையும் உள்ளடக்கியது. சாவின் வாய்ப்பு அதற்கும் குறைவு.

இழப்பு ஏன் பின்னர் குறைந்தது?

துணைக்குச் செல்லும் போர் விமானங்கள் இலக்கு வரை செல்லத் தொடங்கியதே முதன்மைக் காரணம். 1943-இல் பி-47 தண்டர்போல்ட் என்ற துணைப் போர் விமானங்கள் ஜெர்மன் எல்லைக்கு அருகிலேயே எரிபொருள் தீர்ந்து திரும்ப நேர்ந்தது. ஜெர்மானியர்கள் அதுவரை காத்திருந்து தாக்கினார்கள். 1943 டிசம்பரில் பி-51 மஸ்டாங் விமானங்கள் களத்துக்கு வந்தன. 1944 பிப்ரவரியில் ஜெர்மானிய விமானத் தொழிற்சாலைகளை நாள்தோறும் தாக்கிய 'பெரு வாரம்' முதல் கோடைக்காலம் வரை ஜெர்மனி தன் அனுபவமிக்க விமானிகளை ஈடுகட்ட முடியாத அளவில் இழந்தது. ஆனாலும் அந்த வசந்தகாலம் அமைதியானது அல்ல. எட்டாவது விமானப்படை மிக அதிகக் கனரக விமானங்களை இழந்த மாதம் 1944 ஏப்ரல்தான், நானூறுக்கும் மேல். அதன்பிறகு போர் விமானங்களைவிட, தரையிலிருந்து சுடும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளே பெரிய அச்சுறுத்தலாயின. அவற்றுக்குத் துணை விமானங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

தீப்பிடித்த விமானத்திலிருந்து எப்படி வெளியேறினார்கள்?

எங்கே அமர்ந்திருந்தார் என்பதே பெரும்பாலும் ஒருவரின் உயிரைத் தீர்மானித்தது. 25,000 அடி உயரத்தில், உறைநிலைக்கு நாற்பது டிகிரிக்கும் கீழான குளிரில், ஆக்சிஜன் குழாயையும் மின்சாரத்தால் சூடாகும் உடையின் இணைப்பையும் கழற்றிவிட்டு, கழற்றி வைத்திருந்த பாராசூட் பையை மார்பில் மாட்டிக்கொண்டு, திறப்பை நோக்கி நகர வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் ஓரிரு நிமிடங்களில் நினைவு மங்கத் தொடங்கும். உருண்டைக் கூண்டில் இருந்தவருக்குப் பாராசூட் அணிய இடமே கிடையாது. கூண்டைச் சுழற்றி, கதவைத் திறந்து, விமானத்துக்குள் ஏறிய பிறகே அதை மாட்ட முடியும். விமானம் சுழன்று விழத் தொடங்கிவிட்டால், சுழற்சியின் விசை ஆட்களைச் சுவரோடு அழுத்திவிடும். கையை உயர்த்தக்கூட முடியாது. விமானத்தை நேராகப் பிடித்தபடி மற்றவர்கள் குதிக்கும் வரை இருக்கையில் அமர்ந்திருந்த விமானிகள் பலர், தங்கள் முறை வருவதற்குள் இறந்துபோனார்கள்.

கடலில் இறங்குவது வேறு கதை. இறக்கை உடலின் கீழ்ப்பகுதியில் அமைந்த பி-17 சிறிது நேரம் மிதக்கும். பி-24 விமானத்தின் மெல்லிய குண்டறைக் கதவுகள் தண்ணீர் மோதியதும் உடைந்துவிடுவதால் அது வேகமாக மூழ்கியது.

எந்தக் கணக்கிலும் அடங்காத பிழைப்புகளும் உண்டு. 1943 ஜனவரி 3 அன்று சாங் நசேர் துறைமுகத்தின் மேல் பறந்த ஒரு பி-17 விமானத்தின் துப்பாக்கி வீரர் ஆலன் மெகீ, பாராசூட் இல்லாமல் விழுந்து, ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, பலத்த காயங்களோடு உயிர் தப்பினார். ஜெர்மானிய மருத்துவர்கள் அவருக்குச் சிகிச்சை அளித்தார்கள்.

தரையில் இறங்கியவர்களை மக்கள் என்ன செய்தார்கள்?

இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. ஹாலந்திலோ பெல்ஜியத்திலோ இறங்கியவருக்கு ஒரு விவசாயி உடை கொடுத்து மறைத்து வைக்கலாம். குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்த ஜெர்மன் நகரத்தில் இறங்கியவருக்கு, ராணுவம் வந்து பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு. 1944 ஆகஸ்ட் 26 அன்று, ரயில் பாதை சேதமடைந்ததால் ரூசெல்ஸ்ஹைம் நகரத் தெருக்களில் நடத்திச் செல்லப்பட்ட எட்டு அமெரிக்க விமானப்படையினரை ஒரு கும்பல் கற்களாலும் கட்டைகளாலும் தாக்கியது. முந்தைய இரவு அந்த நகரின்மீது குண்டு வீசியது பிரிட்டிஷ் படை. அடி வாங்கியவர்களுக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை. ஆறு பேர் இறந்தார்கள், இருவர் பிழைத்தார்கள். 1945-இல் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் இந்த வழக்கை விசாரித்து, ஐவரைத் தூக்கிலிட்டது. அதே ஆகஸ்டில் போர்க்கும் தீவில் ஏழு பேர் கொல்லப்பட்டதும் தனி வழக்காயிற்று.

இவை விதிவிலக்குகள் என்றே சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் உயிரோடு முகாமை அடைந்தார்கள்.

போர்க்கைதி முகாம்களில் வாழ்க்கை எப்படி இருந்தது?

பிடிபட்டவர்கள் முதலில் ஃபிராங்க்ஃபர்ட் அருகே ஓபருர்செல்லில் இருந்த விசாரணை மையத்தில் தனியறையில் அடைக்கப்பட்டார்கள். அங்கே அடியைவிட, 'உங்கள் படைப்பிரிவைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும்' என்ற நயமான பேச்சே அதிகம் வேலை செய்தது. அடுத்து, அதிகாரிகள் சாகன், பார்த் ஆகிய இடங்களில் இருந்த முகாம்களுக்கும், சார்ஜென்ட்கள் க்ரோஸ் டிகோவ், ஆஸ்திரியாவின் க்ரெம்ஸ் போன்ற முகாம்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். 1929-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி இவர்களைக் கட்டாய வேலைக்கு அனுப்பக் கூடாது என்பதால், சலிப்பும் பசியுமே அன்றாட எதிரிகள். செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலங்கள் வந்த வாரங்களுக்கும் வராத வாரங்களுக்கும் இருந்த வித்தியாசம் உடல் எடையிலேயே தெரிந்தது.

மிகக் கொடுமையான கட்டம் கடைசியில் வந்தது. சோவியத் படைகள் நெருங்கியதும், 1945 ஜனவரி 27 இரவு சாகன் முகாம் காலி செய்யப்பட்டு, பல்லாயிரம் பேர் பனியில் நடத்திச் செல்லப்பட்டார்கள். பிப்ரவரி 6 அன்று க்ரோஸ் டிகோவிலிருந்து புறப்பட்ட சார்ஜென்ட்கள் மாதக்கணக்கில் நடந்தார்கள். வயிற்றுப்போக்கும் உறைபனிப் புண்களும் பலரை வழியிலேயே கொன்றன. சாகனிலிருந்து சென்றவர்களில் பலர் இருந்த மோஸ்புர்க் முகாம் ஏப்ரல் 29 அன்று விடுவிக்கப்பட்டது. பார்த் முகாமில் இருந்த ஏறத்தாழ 9,000 பேரை, மே மாத நடுவில், குண்டுகளுக்குப் பதிலாக ஆட்களை ஏற்றிய பி-17 விமானங்களே அழைத்துச் சென்றன.

பிடிபடாமல் தப்பித்தவர்கள் உண்டா?

ஆயிரக்கணக்கில் உண்டு. பெல்ஜியப் பெண் ஆந்த்ரே த ஜோங் தொடங்கிய 'கொமெத்' வழி, பிரஸ்ஸல்ஸிலிருந்து பாரிஸ் வழியாகப் பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினுக்கு ஆட்களை அழைத்துச் சென்றது. 1943 ஜனவரியில் அவர் கைதாகி, ராவென்ஸ்ப்ரூக், மௌட்ஹௌசன் முகாம்களைக் கடந்து உயிர் பிழைத்தார். 1944-இல் பிரெட்டனியின் ப்ளூஆ கடற்கரையிலிருந்து இரவில் படகுகள் ஆட்களை ஏற்றிச் சென்றன. பிடிபட்ட விமானி கைதியாவார்; அவரை மறைத்தவர் சுடப்படுவார் அல்லது வதைமுகாமுக்குப் போவார். இந்த ஏற்றத்தாழ்வை மறந்துவிட்டுத் தப்பித்த கதைகளை வெறும் சாகசமாகச் சொல்வது நியாயமில்லை.

காட்டிக்கொடுக்கப்பட்டவர்களும் உண்டு. 1944 கோடையில் பிரான்சில் சாதாரண உடையில் பிடிபட்ட 168 நேசநாட்டு விமானப்படையினர், அவர்களில் 82 அமெரிக்கர்கள், உளவாளிகள் என்ற பெயரில் புக்கன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். இருவர் அங்கே இறந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் அக்டோபரில் சாகனுக்கு மாற்றப்பட்டார்கள்.

ருமேனியா அணி மாறியதும், 1944 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி, அங்கே கைதிகளாக இருந்த 1,100-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் புக்கரெஸ்டிலிருந்து இத்தாலிக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டார்கள்.

சுவிட்சர்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் சென்றவர்கள் போரிலிருந்து ஓடியவர்களா?

அன்றே எழுந்த சந்தேகம் இது. சுவிட்சர்லாந்தில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் தரையிறங்கின அல்லது விழுந்தன. அவற்றைச் சோதித்தபோது, மிகப் பெரும்பாலானவை சேதமடைந்திருந்தன அல்லது இங்கிலாந்து வரை செல்ல எரிபொருள் இல்லாதிருந்தன என்றே தெரியவந்தது. குழுவினர் அடெல்போடன், டாவோஸ் போன்ற மலை ஊர்களின் விடுதிகளில் தங்க வைக்கப்பட்டார்கள். ஆனால் அங்கிருந்து தப்ப முயன்று பிடிபட்டவர்கள் வௌவிலர்மோஸ் தண்டனை முகாமில் அழுக்கிலும் பசியிலும் அடைக்கப்பட்டார்கள். நடுநிலை நாட்டில் இருந்தவர்கள் என்பதால் பல பத்தாண்டுகள் அவர்களுக்குப் போர்க்கைதிப் பதக்கம் மறுக்கப்பட்டது. சட்டம் திருத்தப்பட்ட பின், 2014-இல்தான் அது வழங்கப்பட்டது.

எதிரி சுடாமலே நேர்ந்த இழப்புகள் எவ்வளவு?

குறைத்து மதிப்பிட முடியாத அளவு. மேகத்துக்குள் நூற்றுக்கணக்கான விமானங்கள் அணி சேரும்போது ஒன்றோடொன்று மோதின. முழுச் சுமையோடு மேலெழும்போது எஞ்சின் நின்று வெடித்தன. 1944 ஆகஸ்ட் 23 அன்று சோதனைப் பறப்பில் இருந்த ஒரு லிபரேட்டர், புயலில் சிக்கி லங்காஷயரின் ஃப்ரெக்கிள்டன் கிராமத்துப் பள்ளியின் மேல் விழுந்தது. இறந்த 61 பேரில் 38 பேர் பள்ளிக் குழந்தைகள். இவற்றைத் தவிர, அமெரிக்க மண்ணிலேயே பயிற்சியிலும் விபத்துகளிலும் இறந்த ராணுவ விமானப்படையினர் சுமார் 15,000 பேர்.

குடும்பத்துக்கு எப்படித் தெரிவித்தார்கள்?

முதலில் 'காணவில்லை' என்று ஒரு தந்தி. கைதியானவரின் பெயர் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்து சேர வாரங்களோ மாதங்களோ ஆகும். எந்தச் செய்தியும் வராவிட்டால், 1942-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பன்னிரண்டு மாதங்களுக்குப் பின் ராணுவத் துறை அவரை இறந்தவராக அறிவிக்கலாம். அதனால் சில கல்லறைகளிலும் ஆவணங்களிலும் விமானம் விழுந்த நாளுக்குச் சரியாக ஓராண்டும் ஒரு நாளும் கழித்து இறந்த தேதி இருக்கும். அது எழுத்துப் பிழை அல்ல; சட்டம் தந்த தேதி.

இறந்தவர்கள் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள்?

ஜெர்மானியர்களோ உள்ளூர் மக்களோ முதலில் ஊர்க் கல்லறையில் புதைத்தார்கள். போருக்குப் பின் அமெரிக்கக் கல்லறைப் பதிவுப் பிரிவினர் ஊர் ஊராகச் சென்று உடல்களைத் தோண்டியெடுத்து அடையாளம் கண்டார்கள். உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதா, ஐரோப்பாவிலேயே விடுவதா என்று குடும்பமே முடிவு செய்தது; சுமார் 60 சதவீதம் பேர் கொண்டுவரச் சொன்னார்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் அமெரிக்கக் கல்லறையில் இருப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினர் விமானப்படையினர். கேம்பிரிட்ஜ் அருகே மேடிங்லியில் 3,800-க்கும் சற்று அதிகமான கல்லறைகளும், உடல் கிடைக்காத 5,127 பேரின் பெயர்கள் பொறித்த நீண்ட சுவரும் உள்ளன.

தேடல் இன்னும் முடியவில்லை. ப்ளோயெஷ்டியில் இறந்து 'பெயர் தெரியாதவர்' என்று பெல்ஜியத்தில் புதைக்கப்பட்டவர்களின் எச்சங்களை 2017 முதல் மீண்டும் எடுத்து, உறவினர்களின் டிஎன்ஏ மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பலருக்குப் பெயர் கொடுத்துள்ளார்கள்.

ஒரு குறிப்பிட்ட விமானத்தைப் பற்றித் தேட எங்கே தொடங்குவது?

'காணாமல் போன விமானக் குழு அறிக்கை' என்ற ஆவணத்திலிருந்து தொடங்கலாம். 1943-இன் நடுப்பகுதி முதல், விமானம் திரும்பாத 48 மணி நேரத்துக்குள் இதை எழுத வேண்டும் என்பது விதி. குழுவினரின் பெயர்கள், கடைசியாகப் பார்க்கப்பட்ட இடம், அருகில் பறந்தவர்களின் சாட்சியம், எஞ்சின்களின் எண்கள், ஒவ்வொரு இயந்திரத் துப்பாக்கியின் எண் வரை அதில் இருக்கும். நிலத்தடியில் கிடைத்த ஒரு துருப்பிடித்த துப்பாக்கியைக் கொண்டு விமானத்தையே அடையாளம் காண முடிவது இதனால்தான். இத்தகைய 16,000-க்கும் மேற்பட்ட அறிக்கைகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பலவற்றில், பிழைத்தவர்கள் 1945-இல் திரும்பி வந்து நிரப்பிய வினாத்தாள்களும் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய அறிக்கைகளும் இணைக்கப்பட்டிருக்கும்.

தனிநபர் பணிக்கோப்புகளை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவண மையத்தில் பற்றிய தீயில், 1912-க்கும் 1960-க்கும் இடையில் ராணுவத்திலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோயின. இறந்தவர்களைப் பொறுத்தவரை, கல்லறைப் பதிவுப் பிரிவு தொகுத்த தனிக்கோப்பு அதைவிடப் பயனுள்ளது. குடும்பத்தின் கடிதங்கள்கூட அதில் கிடைக்கும். தேடும்போது விமானத்துக்குக் குழுவினர் சூட்டிய செல்லப்பெயரை நம்பாமல், வாலில் எழுதப்பட்ட தொடரெண்ணைப் பயன்படுத்துங்கள்: ஒரே செல்லப்பெயரைப் பல விமானங்கள் தாங்கியிருந்தன, தொடரெண் ஒன்றுக்கு ஒன்றுதான்.